பந்தைத் தொடும் முன் பத்துக் கல்

மேடையில் அமர்ந்திருக்கும் ஆயர் அவர்களே, சபைக்குழுவின் சக உறுப்பினர்களே, மதம் பாராமல் வந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் சுவரோரம் நின்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் வாலிபர்களே! எல்லோருக்கும் என் வணக்கம். முறையுங்கள் தம்பிகளே, நியாயம்தான். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் அண்ணன் இளையபெருமாள் அவர்களே, அண்ணி தங்கம்மாள் அவர்களே, உங்களுக்கு வணக்கம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

நம் வாலிபர் ஐக்கியத்தின் தலைவர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், வாலிபால் அணியின் கேப்டன், அன்புத் தம்பி ஆரோன் பகலவன் இருபத்தாறு வயதில் நம்மை விட்டுப் போய்விட்டார். சபைச் செயலாளர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நாலு நல்ல வார்த்தை எழுதிக்கொண்டும் வந்தேன். ஆனால் மண்டபத்து வாசலில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. "வயசுக் கோளாறுங்க. பைக்க எடுத்தா காத்தாப் பறக்குறானுங்க. ஆட்டம் பாட்டம்னு திரிஞ்சா இப்படித்தான்." அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

யார் பறந்தது? எங்கே பறந்தது? அடக்கம் நடந்த அன்றிலிருந்து தங்கம்மாள் அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார். "எம் புள்ள அவ்வளவு வேகமாவாங்க போனான்?" ஒருவராவது நேராகப் பதில் சொன்னோமா? தலையைக் குனிந்துகொண்டு நழுவினோம். நானும் நழுவினேன்.

அன்று தம்பியின் பைக்குக்குப் பின்னால் மினி பஸ் ஓட்டி வந்த கோவிந்தராசு இதோ இருக்கிறார். அவர் போலீசாரிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "தம்பி முப்பதுலதாங்க போச்சு. ஹெல்மெட் போட்டுருந்துச்சு. பொழுது சாஞ்ச நேரம், ரோட்டுல கெடந்த கல்லு தெரியல. ஏறுன வேகத்துல வண்டி தூக்கி மதகுக் கட்டையில அடிச்சிருச்சு."

என்ன கல் அது? தம்பி வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து வந்திருக்கும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று நெல்லைத் திருப்பிவிடுவார்கள். களத்தில் இடம் போதாது. அதனால் பூதலூர் ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போடுவோம். வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்போம். சாயங்காலம் நெல்லை மூட்டை பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். கல்? அது கிடக்கும்! நெல் நம்முடையது, கல் யாருடையதோ!

அந்தக் கல்லை யார் பொறுக்கினார்கள்? சபைக்குழுவா? செயலாளரா? இந்த ஆட்டம் பாட்டக்காரர்கள்தான் பொறுக்கினார்கள்! ஆலய வளாகத்து வாலிபால் திடலுக்குப் பகலவன் ஒரு சட்டம் வைத்திருந்தார். பந்தைத் தொடும் முன் ஆளுக்குப் பத்துக் கல் ரோட்டிலிருந்து எடுத்து வரவேண்டும். நம் பிள்ளைகளோடு ஆட வந்த சுஹைபுக்கும் அதே சட்டம். திடலின் நான்கு பக்கமும் வரம்பு கட்டியிருக்கிறதே, அத்தனையும் ரோட்டுக் கல். போன வருஷம் நான் சத்தம் போடப் போனபோது என்னையே வாசலில் நிறுத்தினார். "ஐயா, உள்ள வரணும்னா பத்துக் கல்லுங்க." அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது, திரும்பிவிட்டேன்.

அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஞாயிறு மாலை ஆட்டமா, கோழிக்கொண்டை மாதிரி தலைமுடியா, மஞ்சள் ஷூவா என்று சபைக்குழுவில் வைத்துக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆராதனைய முடிச்சுட்டுத்தானேய்யா ஆடுறோம்? ஆண்டவரு காலக் குடுத்தது முழங்கால் போட மட்டுமாங்க?" ஆயர் அவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சந்தோஷமாக இருக்கிற பிள்ளைக்குப் பயபக்தி இருக்காது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? காலையில் ஓய்வுநாள் பள்ளி, மாலையில் பந்து, நடுவே நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றி ஆராதனைக்குக் கொண்டுவருவது. இதில் எது விளையாட்டு, எது ஊழியம்? அவருக்கு அந்தப் பிரிவினையே கிடையாது.

போன மாதம் திடலைப் பூட்டினோம். வாலிபர்களுக்குப் பொறுப்பு வரும் வரை ஆட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது என்று தீர்மானம் எழுதியவன் நான். பொறுப்பு! சாவியை வாங்கிக்கொண்டு நான் நடந்தபோது பின்னாலேயே ஓடி வந்தார். "ஐயா, ஆட்டம் போனாப் போவுது. அறுப்பு நேரமுங்க, கல்ல யாரு பொறுக்குவா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஊருல பாத்துக்குவாங்க. நீ ஒன் சோலியப் பாரு."

ஆட்டம் இல்லையென்றதும் பிள்ளைகள் கலைந்துவிட்டார்கள். ஊர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் மட்டும் தஞ்சாவூரில் வேலை முடிந்து வரும்போது வண்டியை நிறுத்தி நிறுத்திக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். விழுந்து கிடந்த வண்டியில் மாட்டியிருந்த பையில் சாப்பாட்டு டப்பாவும் நாலைந்து கல்லும் இருந்தன. கல் பொறுக்கிக்கொண்டே வருகிறவன் பறப்பானா ஐயா? இல்லை அண்ணி. உங்கள் பிள்ளை வேகமாகப் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் பொறுக்காமல் விட்ட, அவர் வண்டி ஏறிய அந்தக் கல்லை நான் பார்த்தேன். அதில் நீலப் பெயிண்ட் அடித்திருந்தது. யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதென்று நீலப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பவன் இந்த ஊரில் ஒருவன்தான். அன்று மத்தியானம் அங்கே காய்ந்தது என் நெல். போலீசாரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். உங்களிடம் இன்று சொல்கிறேன். அண்ணே, அண்ணி, மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

வாலிபர் ஐக்கியத்தையே கலைத்துவிடலாம் என்று சபைக்குழுவில் ஒரு யோசனை ஓடுகிறது. என் கையெழுத்து அதில் விழாது. திடல் சாவி இதோ. இந்தக் கூட்டம் முடிந்ததும் நானே பூட்டைத் திறக்கிறேன். வாலிபர்களே, ஆடுங்கள்! நன்றாகச் சத்தம் போட்டுச் சிரித்து ஆடுங்கள். பகலவன் வைத்த சட்டம் அப்படியே இருக்கும். இனி அது வாலிபர்களுக்கு மட்டுமல்ல, ரோட்டில் நெல் போடுகிற ஒவ்வொருவருக்கும்.

தம்பி பகலவா, இன்று சாயங்காலம் நான் உள்ளே வருகிறேன். பத்துக் கல்லோடு வருகிறேன். பத்தும் நீலக் கல்.