தனகோட்டி பேர் ஒட்டின பாட்டில்

ஹலோ... ஹலோ, யாருங்க? ... ஆமாங்க, தனகோட்டி போனுதான். அவரு தூங்கிக்கினு இருக்காரு. நைட்டு ஷிப்ட் முடிச்சி காலையிலதான் வந்து படுத்தாரு. நான் அவரு சம்சாரம் அம்சவல்லி பேசறேன்...

யாரு, அகிலா மேடமா? காலேஜுலேர்ந்து கேம்ப் போட்டீங்களே... கண்ணாடி போட்டுக்கினு... ஆங், ஆங், ஞாபகம் இருக்குது. விரல்ல குத்தி சக்கரை பாத்தீங்க. மறுநாள் விடிகாலை ஒண்ணுக்கு புடிச்சி எடுத்தாரச் சொல்லி பேர் ஒட்டி பாட்டில் குடுத்தீங்க... இருங்க மேடம், வெளிய வந்துடறேன். ஷீட்டு வூடு, இங்க இருமுனா அங்க முழிச்சிக்குவாரு.

ம்... இப்ப சொல்லுங்க... ரிசல்ட்டா? என்னாண்டயே சொல்லுங்க, அவருக்கும் நான்தான் சொல்லணும்... பரவால்ல, சொல்லுங்க...

எது ஜாஸ்தி? ... மெதுவா மேடம், நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன்... ஸ்ட்ரெஸ்ஸுல சுரக்கறதா... சரி... அது ஜாஸ்தி... சரி... ஒண்ணுக்குல சக்கரையும் எறங்குதா? ... இன்னொண்ணா? ... செல்லுக்குள்ள சேதாரமா... இரும்பு துருப்புடிக்குமே அது மாதிரியா? ஒடம்புக்குள்ளயா மேடம்? ... ம்... ம்... நூத்தி எண்பது பாட்டில்லயும் அதுதான் மோசமா?

...



மேடம், ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. இது கான்ட்ராக்டருக்குப் போவுமா? ... நெசமா? ... ஆமா, அன்னிக்கே சொன்னீங்க, பேரு வெளிய போவாதுன்னு. எல்லாரும்தான் அப்பிடி சொல்றாங்க. அவரு கூட வேல பாத்த வேணுன்னு ஒருத்தரு, போன வருசம் கம்பெனி மெடிக்கல் செக்கப்புல சக்கரைன்னு அன்ஃபிட் போட்டாங்க. கேட் பாஸ் திரும்பக் குடுக்கல. இப்ப கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா ஒக்காந்திருக்காரு. இவரு இருபத்திரெண்டு வருசமா மைன்ஸ்ல கான்ட்ராக்ட் மேடம். பெர்மனன்ட் லிஸ்ட் வரும் வரும்னு... வேண்டாம், அத விடுங்க. அடுத்த மாசம் மெடிக்கல். உங்க கையில இருக்கற பேப்பரு யாரு கையிலயாவது கெடைச்சா...

சரி... சரி, நம்பறேன். நம்பித்தான ஆவணும்...

எது ஒத்துவரல? ... விரல்ல குத்தினப்ப தொண்ணூத்தி எட்டுதான் இருந்திச்சா? ... ஓ... ரத்தத்துல இல்லாத சக்கரை ஒண்ணுக்குல எப்பிடி வரும்ங்கறீங்க... தெரியலையே மேடம். முந்தின நாளு பக்கத்துல வளைகாப்பு, லட்டு சாப்புட்டாரு... அதனால இல்லையா? அப்ப உங்க லேப்ல மாத்தி வெச்சிருப்பாங்க... இல்லையா... ரெண்டு தடவ பாத்தாச்சா...

இருங்க. ஏய் காந்திமதி! என் கொடத்தயும் வெச்சிடுடி, தண்ணி நின்னுடப் போவுது... அந்த நீலக் கொடம், ஆமா... சொல்லுங்க மேடம்.

ம்... ம்... பயந்தா ஓடறதுக்குன்னு ஒடம்பு சக்கரைய ரத்தத்துல எறக்கி வுடுது... ம்... நாளெல்லாம் பயந்துகினே இருந்தா அது எறக்கிக்கினே இருக்கும்... ஆனா நாம ஓடாம ஒக்காந்திருக்கோமா? யாரு ஒக்காந்திருக்கா? காலையில மூணரைக்கு எழுந்தா, வூட்டு சோறு, அப்பறம் ஏழாவது பிளாக்கு, அப்பறம் பத்தொம்பதாவது பிளாக்கு, ரெண்டு வூட்டுலயும் சமையலு, சைக்கிள்லதான போறேன், நான் ஓடலன்னா...

...

ஆமா. என்னைத்தான் சொல்றேன்.

...

என்னுதுதான் மேடம். அந்த பாட்டில்ல இருக்கறது என்னுது.

கோவப்படாதீங்க. உங்க வேல கெட்டுப்போச்சின்னு தெரியுது. அவருக்குத் தெரியாது. அவரு புடிச்சி வெச்சிட்டு டீக்கடைக்குப் போனாரு, நான் அதக் கொட்டி கழுவிட்டு என்னுத வெச்சேன்... ஏன்னா என்னா சொல்றது? எங்க லைன்ல மெடிக்கலுன்னா எல்லாருமே இத செய்யறதுதான். தம்பிது, மச்சான்து, யாருக்கு நல்லா இருக்குதோ அவங்களுது போவும். நீங்க காலேஜுன்னு சொன்னாலும் பாட்டிலப் பாத்ததும் எனக்கு வேணுதான் ஞாபகத்துக்கு வந்தாரு. இவரு பீடி குடிக்கறவரு, சம்பளத்தன்னிக்கு அதுவும் உண்டு. எதாவது காட்டிடுமோன்னு பயம். எனக்குன்னா ஒண்ணுமில்லையே! காச்சல்னு ஒரு நாள் படுத்தது கெடையாது. அதான் தெம்பா என்னுத வெச்சேன்.

சிரிக்காம என்னா பண்ணச் சொல்றீங்க மேடம்... அழுதா எழுந்து வந்துடுவாரு.

எனக்கு வயசா? நாப்பத்தி மூணு... இல்ல, சக்கரை பாத்ததே இல்ல... தாகமா? வெயிலு, தாகம் இருக்காதா... ஆமா, ராத்திரி நாலு தடவ எழுந்துப்பேன்... எளைச்சிருக்கேன், ஜாக்கெட்டு லூசாயிடுச்சி. நல்லதுதான்னு நெனைச்சேன்...

தூக்கமா? தூக்கம்... அவருக்கு பஸ்ட் ஷிப்ட்டுன்னா மூணரைக்கு எழுந்திருக்கணும். செகண்டுன்னா அவரு வந்து சாப்புட்டு படுக்க பன்னெண்டு ஆவும், மூணரைக்கு வேல செய்யற வூட்டுக்காவ எழுந்திருக்கணும். நைட்டுன்னா அவரு வர்ற வரைக்கும் கண்ண மூட முடியாது. கரி ஓடற பெல்ட்டாண்ட வேல. போன வருசம் அவரு கேங்க்ல ஒருத்தருக்கு கை போச்சி. அதுலேர்ந்து போன் அடிச்சா ஓடிப்போயி எடுக்கறேன். இப்ப நீங்க அடிச்சீங்களே, அதுக்கும்தான். அவருக்காவது வாரத்துல ஒரு நாள் ஆஃபு... எனக்கா? அவரு ஆஃபுல இருந்தா கறி எடுத்தாந்து குடுப்பாரு, அத ஆக்கணும்.

இல்ல மேடம், குத்தம் சொல்லல. நல்ல மனுசன். அவரு மட்டும் என்னா சொகமா இருக்காரு?

பாட்டிலோட குடுத்தீங்களே, அந்த கேள்வி பேப்பரா... அதுலயும் நான்தான் டிக் போட்டேன். ‘கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை பதற்றம்’ன்னு இருந்திச்சி. எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டேன்... என்னையக் கேட்டிருந்தா? என்னைய யாரும் கேக்கலையே மேடம்.

...

சொல்லுங்க, பரவால்ல...

ஓ. மைன்ஸ்ல வேல செய்யறவங்களுக்கு மட்டுமா... அப்ப என்னுது கணக்குல வராது... சரி... இல்ல, புரியுது, நீங்க எழுதிக் குடுத்து வாங்கின ஆராய்ச்சி, அதுல சம்சாரத்த எங்க சேக்கறது. சரி அப்ப கொட்டிடுங்க. வேற புது பாட்டில் குடுங்க, இந்த தடவ அவருதயே அனுப்பறேன். சத்தியமா.

... எங்க? ஜி.எச்.சுக்கா? ... வெறும் வயித்துல போயி, சாப்புட்டு திரும்ப ஒரு தடவயா... அப்ப ஒரு நாள் முழுக்க போயிடும் மேடம். ரெண்டு வூட்டுலயும் லீவு கேக்கணும். மாசத்துக்கு ரெண்டு நாள்தான் லீவு, அத பொண்ணு காலேஜுக்குன்னு வெச்சிருக்கேன்... தெரியுது... தெரியுது மேடம், கண்ணு போவும், கிட்னி போவும், எல்லாம் தெரியுது... சரி. போறேன். அடுத்த வாரம் அவருக்கு பஸ்ட் ஷிப்ட்டு. செவ்வாக்கிழம போறேன்... வெரட்டாதீங்க, போறேன்னு சொல்றேன்ல... நீங்களும் வர்றீங்களா? எனக்காவவா? ... உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம்...

இருங்க, இருங்க, எழுந்துட்டாரு.

என்னாங்க? ... இல்லங்க, அந்த கேம்ப்புக்காரங்க... ஆமா, ரிசல்ட்டுதான்... சக்கரை இல்லையாம். நல்லா இருக்கீங்களாம்... ஆமாங்க, அவங்களே சொன்னாங்க. போயி இன்னும் செத்த நேரம் படுங்க, கொழம்பு கொதிச்சதும் எழுப்பறேன்.

... மேடம், இருக்கீங்களா? ... கேட்டுச்சா? சிரிச்சிக்கினே போயி படுக்கறாரு. எத்தினி நாளாச்சி இப்பிடி சிரிச்சி... இல்ல, என்னுத அவராண்ட சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. சொன்னா அதையே நெனைச்சிக்கினு கெடப்பாரு, தூக்கம் வராது. தூங்காம பெல்ட்டாண்ட போயி நிக்கக்கூடாது மேடம்...

நானா? நான் தூங்கலன்னா சோறு கொழையும், அவ்ளோதான... வெச்சிடறேன்.