தோளில் போட்டுக் காட்டிய பட்டு

சைதாப்பேட்டையிலிருந்து தி. நகருக்குப் போகும் காலைப் பேருந்தில், துணிக்கடைச் சீருடைப் புடவையில் இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் அமர்ந்திருந்தார்கள்.

“அந்த இங்கிலீஷ்காரி கணக்கா நானும் நேத்து ஒரு பொய் சொல்லிட்டேன்கா,” என்றாள் இளையவள்.

“எவடி அவ?”

“தங்கச்சி காலேஜ்ல படிக்கிற கதைல வர்றவ. அப்பா அம்மா இல்ல, துட்டும் இல்ல. பொய் சொல்லியே பெரிய வூட்டுக்கு மருமகளா பூந்துடுவா.”

“சரி, நீ இன்னா சொன்ன?”

“கல்யாணப் பட்டு எடுக்க வந்த அம்மா, என் தோள்ல போட்டுக் காட்டச் சொன்னாங்க. கண்ணாடில பாத்தேன், எனக்கே ஆசையா இருந்துச்சு. ‘உனக்கு எப்பம்மா கல்யாணம்?’னாங்க. தை மாசம், மாப்ளைக்குக் கப்பல்ல வேலைன்னுட்டேன்.”

“அடிப்பாவி! முப்பத்தஞ்சு ஆவுது, பொண்ணு பாக்கக்கூட எவனும் வரல. வாய் கூசல?”

“கூசலக்கா. அந்தம்மா என் கன்னத்தத் தொட்டு, ‘நல்லா இருப்பே’ன்னாங்க.”

பேருந்து பனகல் பூங்காவைச் சுற்றித் திரும்பியது. வெயில் அவள் மடியில் வந்து உட்கார்ந்தது.

“அப்புறம்?”

“புடவைய மடிச்சு, பைல போட்டுக் குடுத்துட்டேன். அவரு இப்ப எந்தக் கடல்ல கீறாரோன்னு காலைலேர்ந்து நெனச்சிகினே கீறேன்கா.”