ஆறு கோழிக்கு ஒரு கிலோ

முட்டைத் தீவனம் இன்னிக்கு வேணாம் சார். குஞ்சுத் தீவனம் தரேன், அதை வாங்கிட்டுப் போங்க. இல்ல இல்ல, ஸ்டாக் எல்லாம் இருக்கு, பின்னாடி மூட்டை மூட்டையா அடுக்கிக் கெடக்கு. காரணம் இருக்கு, சொல்றேன். என்ன அவசரம், சனிக்கிழமை உங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லையே. உக்காருங்க. ஐயோ, அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படித் தவிட்டு மூட்டை மேல உக்காருங்க. ஒண்ணும் ஆகாது, தட்டினா போயிடும்.

ஆமா, இன்னிக்கு வரைக்கும் நான்தான் கடையில. அடுத்த சனிக்கிழமைலேர்ந்து எங்க அக்கா வீட்டுக்காரர் உக்காருவார். எனக்கு வேலை கெடச்சிடுச்சு சார். தீவன ஆலையில, பரிசோதனைக் கூடத்துல. திங்கக்கிழமை சேரணும். இங்கேர்ந்து பஸ்ல மூணு மணி நேரம், அதனால அங்கேயே தங்கிடுவேன். படிச்ச படிப்பு அதுக்குத்தானே. என்ன சார், நல்ல விஷயம் சொல்றேன், முகத்தை இப்படி வச்சுக்கறீங்க? சரி, வாழ்த்துகள்னு சொல்லிட்டீங்க. ஆனா மூட்டையைப் பாத்துல்ல சொல்றீங்க.

அதான், போறதுக்கு முன்னாடி உங்க கோழி விஷயத்தை ஒழுங்காப் பேசி முடிச்சிடலாம்னு. மாமாகிட்ட விட்டுட்டுப் போனா, கைக்கு எந்த மூட்டை எட்டுதோ அதை அள்ளிக் கட்டிக் குடுத்துடுவார். கேள்வியே கேக்க மாட்டார்.

பாருங்க, பொரிச்சதுலேர்ந்து எட்டு வாரம் வரைக்கும் குஞ்சுத் தீவனம். பொடியா இருக்கும், புரதம் ஜாஸ்தி. அப்புறம் பதினெட்டு வாரம் வரைக்கும் வளர் தீவனம். முட்டை போடுற பருவம் வந்ததுக்கப்புறம்தான் முட்டைத் தீவனம். அதுல சுண்ணாம்புச் சத்து தூக்கலா இருக்கும், ஓடு கெட்டியா வரணும்ல. அதைப் போய்ச் சின்னக் குஞ்சுக்குப் போட்டா கிட்னி போயிடும் சார். சும்மா பயமுறுத்தல. போன வருஷம் ஒரு தையல்கார அண்ணன், சீக்கிரம் முட்டை வரட்டும்னு குஞ்சுங்களுக்கே அதைப் போட்டு வளத்தார். எங்க கடையில வாங்கல, வேற எங்கேயோ. பாதிக்கு மேல செத்துப் போச்சு. ஒவ்வொண்ணையும் துணியில சுத்திப் பொதைச்சாராம் மனுஷன்.

சேவலுக்கும் அது ஆகாது. அது எந்த முட்டைக்கு ஓடு கட்டப் போகுது? எல்லாத்தையும் ஒண்ணா வளக்குறவங்க, வளர் தீவனத்தைப் பொதுவா வச்சிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனியா ஒரு கிண்ணத்துல வச்சிடணும். தேவைப்படுற கோழி அதுவாப் போய்க் கொத்திக்கும். யாருக்கு என்ன வேணும்னு அதுங்களுக்குத் தெரியும் சார். நமக்குத்தான் வாயத் தொறந்து கேக்கத் தெரியாது.

இல்ல, பொதுவாச் சொன்னேன்.

சரி, உங்க கோழிக்கு இப்ப என்ன வயசு? இருங்க, நானே சொல்றேன். நீங்க முதமுதல்ல வந்தது நல்ல மழையில. கடைக்குள்ள வந்தப்புறமும் குடையை மடக்காம நின்னீங்க. நேத்துதான் ஆறு குஞ்சு பொரிச்சுதுன்னீங்க. அது ஆச்சு பதினோரு வாரம். ஞாபகம் என்ன சார் ஞாபகம், சனிக்கிழமை தவறாம வரீங்க, எண்ண மாட்டேனா?

மூணாவது வாரம், அதுல ஒண்ணு சேவல், விடியக்காலையில கூவி எழுப்பி விட்டுடுதுன்னீங்க. மூணு வாரக் குஞ்சு. சரி, கெட்டிக்காரக் குஞ்சுபோலன்னு விட்டுட்டேன். அஞ்சாவது வாரம் முட்டைத் தீவனம் கேட்டீங்க. எட்டாவது வாரம், ஆறும் தெனம் முட்டை போடுதுன்னீங்க. அந்தச் சேவலும் சேத்து. அப்படி ஒரு சேவல் இருந்தா எங்க ஆலைக்காரங்க கார் அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க சார்.

காது செவக்குது. தண்ணி குடிங்க. சொம்பு அங்க இருக்கு பாருங்க, தராசுக்குப் பக்கத்துல.

கோழியே இல்லன்னு எப்படிக் கண்டுபிடிச்சேனா? உங்க செருப்பு. கோழி வளக்குறவங்க செருப்பு இவ்வளவு சுத்தமா இருந்து நான் பாத்ததே இல்ல. கையிலயும் ஒரு கொத்துத் தடம் கெடையாது. அப்புறம் கணக்கு. வளந்த கோழி ஒண்ணு நாளைக்கு நூத்திருபது கிராம் திங்கும். ஆறு கோழி, ஏழு நாள். போடுங்க பாப்போம், கணக்கு வாத்தியார்தானே. ஆங், அஞ்சு கிலோ. நீங்க வாங்குறது ஒண்ணு. எங்க வீட்ல உங்களுக்குப் பேரே ஒரு கிலோ சார்தான். அப்பா வச்சது. பாவம், அந்த மனுஷனோட கோழியெல்லாம் எலும்பும் தோலுமா இருக்கும்னு அம்மாகிட்ட வருத்தப்பட்டுட்டு இருந்தார்.

நிஜக் கோழியா இருந்திருந்தா அன்னிக்கே சண்டை போட்டிருப்பேன் சார். அஞ்சு வாரக் குஞ்சுக்கு முட்டைத் தீவனம் குடுத்தே இருக்க மாட்டேன். இல்லாத கோழிக்கு என்ன ஆயிடப் போகுதுன்னுதான் கட்டிக் குடுத்தேன்.

அது சரி, இத்தனை கிலோவையும் என்ன பண்ணீங்க? புறாவுக்கா? எல்லாத்தையுமா? அதான், உங்க தெருப் பக்கம் போறப்ப பாத்தேன், ஒவ்வொரு புறாவும் பூசணிக்கா மாதிரி நடந்து போகுது. பறக்கவே காணோம்.

சிரிச்சிட்டீங்க, நல்லவேளை. எழுந்து போயிடுவீங்களோன்னு நெனச்சேன்.

நான் இவ்வளவு பேசுறவ இல்ல சார். எங்க அப்பா கேட்டா யாரோ கடைக்குள்ள புகுந்துட்டாங்கன்னு ஓடி வருவார். இத்தனை வாரத்துல நானா உங்ககிட்டக் கேட்டது, எவ்வளவு வேணும்ங்கற ஒரே கேள்விதான். ராத்திரி படுத்துட்டு, அடுத்த வாரம் இதைக் கேக்கணும், அதைக் கேக்கணும்னு நெனப்பேன். நீங்க வந்து நின்னதும் தராசுமுள்ளையே பாத்துட்டு நிப்பேன். என் தப்பும் ஒண்ணு இருக்கு. அஞ்சு கிலோப் பையா வாங்கினா சல்லிசு, கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் அதைத்தான் மொதல்ல சொல்லுவோம். உங்ககிட்ட மட்டும் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா மாசத்துக்கு ஒருதரம்தானே வருவீங்க.

இருங்க, சணல் கட்டிடறேன். ரெட்டை முடிச்சாப் போட்டுடறேன், அவுறாது.

ஆங், குஞ்சுத் தீவனம் எதுக்குன்னுதானே கேட்டீங்க? எங்க வீட்ல போன செவ்வாக்கிழமை ஒம்பது குஞ்சு பொரிச்சிருக்கு. நிஜக் குஞ்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துட்டு வாங்க. தண்ணித் தொட்டிக்கு எதுத்த வீடு, பச்சைக் கதவு. வெறுங்கையோட வந்தா உங்களுக்கும் கூச்சமா இருக்கும். அப்புறம் எல்லா ஞாயித்துக்கிழமையும் நான் வீட்டுக்கு வந்துடுவேன். எட்டு வாரம் குஞ்சுத் தீவனம், அப்புறம் பத்து வாரம் வளர் தீவனம். அதுக்குள்ள பேச வேண்டியதப் பேசிடலாம்ல.

அப்பா இருப்பார். நேத்தே சொல்லிட்டேன், ஒரு கிலோ சார் வரார்னு. எதுக்குன்னு கேட்டார். வந்தாத் தெரியும்னேன். அம்மாதான் சிரிச்சிட்டே உள்ள போயிட்டாங்க. அப்பாகிட்டக் கோழியைப் பத்தி மட்டும் பேசாதீங்க, ரெண்டு நிமிஷத்துல பொய்யைப் புடிச்சிடுவார். கணக்கைப் பத்தியும் வேணாம்.

சரி, போயிட்டு வாங்க. பாத்து, ஸ்டூல் கால். சார், சார், பையை விட்டுட்டுப் போறீங்களே. இது இல்லாம வந்து நின்னா, அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்றது?