கழுவாத இறால் ஓடு

மேடையில் இருக்கும் ஆராய்ச்சி நிலைய டைரக்டர் அவர்களே, பஞ்சாயத்துத் தலைவி அவர்களே, எங்கள் தேவாலயத்து அச்சன் அவர்களே, வேலையைப் பாதியில் விட்டு, கையில் ஐஸ் ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்திருக்கும் இறால் ஷெட்டுச் சகோதரிகளே! எல்லாருக்கும் வாவச்சனின் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாளை நானே எழுதினேன். எழுத்து ஒன்று பெருத்தும் ஒன்று சிறுத்தும் இருக்கிறது. வரி ஏறி இறங்கிப் போகிறது. நடுவில் நான் நின்றுவிட்டால் துக்கத்தால் என்று மட்டும் நினைக்காதீர்கள். என் எழுத்து எனக்கே புரியாமல் நின்றிருப்பேன். அச்சன் எழுதித் தருகிறேன் என்றார். நான்தான் விடவில்லை. இந்த வயதில் எழுத்துக் கற்றவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? பார்க்கிற சுவரை எல்லாம் வாசித்துக்கொண்டு நடக்கிறவன் நான். முதன்முதலில் சந்தோஷமாக ஏதாவது எழுத வேண்டும் என்று இருந்தேன். எழுதக் கிடைத்தது இது.

டாக்டர் ஸ்ரீகலா! எங்களுக்கு அவர் டீச்சர். குப்பையிலிருந்து பொருள் எடுக்கிற படிப்பும், நோயாளி உடம்புக்கு வேண்டியதைச் செய்கிற படிப்பும் இரண்டும் படித்தவர். அவர் எங்கள் ஷெட்டுக்கு முதலில் வந்த நாளை யார் மறப்பார்கள்? உரித்த இறால் ஓடு மலை மாதிரி குவிந்திருந்தது. அதை அள்ளி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் என் வேலை. டீச்சர் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து இரண்டு கையாலும் அள்ளினார்.

"சேட்டா, இத எங்க கொட்டுறீங்க?"

"காயல் ஓரத்துலதான். ஏன் டீச்சர், வளக்குற பூனைக்கு வேணுமா?"

"எனக்கே வேணும். கொட்டாதீங்க, எங்கிட்டக் கொண்டாங்க."

ஷெட்டே சிரித்தது. பிலோமினா சேச்சி சிரித்த சிரிப்பில் கத்தி கை தவறியது. டீச்சர் சிரித்துக்கொண்டே பிலோமினாவின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஐஸிலும் இறால் தண்ணீரிலும் நாள் முழுக்கக் கிடக்கிற கை வேறு எப்படி இருக்கும்?

"இந்தப் புண்ணுக்கு மருந்து இந்த ஓட்டுலயே இருக்கு சேச்சி" என்றார்.

நாங்கள் நம்பினோமா? இல்லை. ஆனால் அவர் செய்து காட்டினார்! ஓட்டைக் காய்ச்சி, அலசி, கரைத்து, பால் ஏடு மாதிரி மெல்லிய ஏடு ஒன்று எடுத்தார். மருத்துவமனையில் முறைப்படி அனுமதி வாங்கி, ஆறாத புண் உள்ள சிலருக்கு அதை ஒட்டிப் பார்த்தார்கள். அந்தச் சிலரில் பிலோமினாவும் ஒருத்தி. விரலுக்காக அல்ல. சர்க்கரை நோயில் அவள் உள்ளங்காலில் ஒரு குழி விழுந்திருந்தது. காலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார்கள். ஏடு ஒட்டிய பிறகு அந்தக் குழி ஓரத்திலிருந்து மூடி வந்தது. நானே பார்த்தேன். பிலோமினா காலைத் தூக்கி ஷெட்டில் எல்லாருக்கும் காட்டினாள். "நான் உரிச்சதுடீ இது! நான் உரிச்சதே என் கால்ல ஒட்டியிருக்கு!" என்று கத்தினாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய சோதனை வந்தது. நிறைய ஏடு செய்து திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே தேறினால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகலாம். டீச்சர் எங்களிடம் ஓடு கேட்டார்.

சகோதரிகளே, அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நம் ஷெட்டுக் குப்பை பெரிய ஊருக்குப் போகிறது! பிலோமினா சொன்னாள்: "இப்படி நாறிக்கிட்டா போகும்? டீச்சர் மானம் போயிரும்டீ. கல்யாணப் பொண்ண மாதிரி குளிப்பாட்டி அனுப்பணும்." கை முக்குகிற பிளீச்சிங் தண்ணீர்த் தொட்டியில் அத்தனை ஓட்டையும் கொட்டி ஊற வைத்தீர்கள். நம் ஆயிஷா பாட்டே பாடினாள். வெளியே எடுத்தபோது மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை. நான் பெருமையோடு வண்டி தள்ளினேன்.

ஏடு தேறவில்லை. காய்ந்த அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. அது தேறும்வரை யாருக்கும் ஒட்டக்கூடாது என்று மருத்துவமனையிலும் நிறுத்திவிட்டார்கள். டீச்சர் தூங்காமல் காரணம் தேடினார். கடைசியில் ஷெட்டுக்கு வந்து என் கூடையை முகர்ந்து பார்த்தார்.

"பிலோமினா சேச்சி, இதுல பிளீச்சிங் வாசம் வருதே?"

"ஆமா டீச்சர். உங்கள யாரும் குப்பைக்காரின்னு சொல்லிரக் கூடாதுல்ல."

டீச்சர் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டாரா? ஒரு சொல் கடிந்து பேசினாரா? சிரித்தார். கண் நிறையச் சிரித்தார்.

"அந்தத் தண்ணி ஓட்டுக்குள்ள இருக்குற நூல அறுத்துரும் சேச்சி. எனக்கு உங்க நாத்தத்தோடதான் வேணும். கழுவாம, ஐஸ் போட்டு, அப்படியே கொண்டாங்க. முதல்லேருந்து செய்வோம்."

பிலோமினா அழுதாள். "என் காலு டீச்சர்?" என்றாள். "புண்ணு மோசமாகுறதுக்குள்ள செஞ்சிருவேன்" என்றார் டீச்சர்.

மறுநாள் விடிந்ததும் கழுவாத ஓட்டை ஐஸில் புதைத்து எடுத்துப் போனேன். எனக்கு எழுத்து வந்த புதிதில், டீச்சரின் அறை வாசலில் நின்று பெயர்ப்பலகையை ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசித்தேன். பின்னால் நின்று கைதட்டியவர் அவர்தான். அன்றும் அங்கே போய் வாசித்துவிட்டு நிற்கலாம் என்று போனேன். கேட்டிலேயே வாட்ச்மேன் சுதாகரன் என் வண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இரவு நெஞ்சுவலி வந்து டீச்சர் இறந்துவிட்டார் என்று சொன்னார்.

நான் என்ன செய்வேன்? யாரிடம் கொடுப்பேன்? ஐஸ் உருகிக் கேட்டுக்கு அடியில் ஓடியது. அந்த ஓட்டைக் கொட்டவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. திருப்பிக் கொண்டுபோய்ப் பழையபடி காயல் ஓரத்தில் கொட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இன்று பேசிய எல்லாரும் அவருடைய பணி தொடரும் என்று சொன்னார்கள். நல்ல சொல். எனக்கும் கைதட்ட ஆசை. ஆனால் எப்படித் தொடரும்? அந்த அறை பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார்கள். சுவரில் வெறும் ஆணி இருக்கிறது. அதை எப்படி வாசிப்பேன்?

பிலோமினா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து வணக்கம் சொல்லவில்லை என்று மேடையில் யாரும் குறையாக நினைக்க வேண்டாம். காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. மூடி வந்த குழி மறுபடி திறந்துவிட்டது. சனிக்கிழமை நான் துணி மாற்றிக் கட்டிவிட்டேன். "சேட்டா, ஓட்டக் குளிப்பாட்டினது நான்தான?" என்று கேட்டாள். அது உன் குற்றம் இல்லை என்றேன், அவள் நம்பவில்லை. சகோதரிகளே, அதையே நீங்களும் அவளிடம் சொல்லுங்கள். டீச்சர் அவளைப் பார்த்துச் சிரித்தாரே, அதைச் சொல்லுங்கள்.

டைரக்டர் அவர்களே! ஏடு செய்ய எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது உரிப்பதும் வண்டி தள்ளுவதும். அதை மட்டும் இந்தச் சபையில் வாக்காகச் சொல்கிறோம். நாளை முதல் ஒவ்வொரு காலையும் கழுவாத ஓடு ஐஸோடு உங்கள் கேட்டுக்கு வரும். நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே எடுத்துக்கொள்ள ஓர் ஆளைப் போடுங்கள். டீச்சரோடு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சாவியைக் கொடுங்கள்.

இதையே ஒரு கடிதமாக எழுதி இன்று உங்கள் கையில் தருகிறேன். பதில் வராவிட்டால் அடுத்த வாரமும் எழுதுவேன். எழுத எனக்குச் சலிப்பே கிடையாது ஐயா, இப்போதுதானே கற்றிருக்கிறேன்! ஆனால் நான் மெதுவாக எழுதுகிறவன். பிலோமினாவின் கால் அத்தனை நாள் பொறுக்காது.