கை தூக்கினால் பெட்டிக்குத் தெரியுமா?

அவைத் தலைவர் காதர் மைதீன் ஐயா அவர்களே, நம் மன்றத்தின் செயற்குழுவினரே, மின்தூக்கி பழுதாகியும் பன்னிரண்டு மாடி இறங்கி வந்திருக்கும் குவீன்ஸ்டவுன் வட்டாரப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் கணக்கு வாத்தியார் சிலுவைராஜின் வணக்கம்!

வணக்கம் சொல்லியாயிற்று. இனி வயிற்றெரிச்சலைச் சொல்லலாமா?

இந்த எண்பத்து மூன்றாம் ஆண்டு பிறந்ததும் நம் ஞாயிறு வகுப்புக்குத் தொலைக்காட்சி வந்தது. வீடியோ வந்தது. வண்ணம் வந்தது, வசதி வந்தது, கூடவே வம்பும் வந்தது! மூன்று அறை, மூன்று பெட்டி, மூன்றுக்கும் ஒரே வாத்தியார் என்றீர்கள். ஓடினேன். இந்த அறையில் வீடியோ நாடாவைப் போட்டால் அந்த அறையில் படம் ஆடும். அதைச் சரிசெய்தால் மூன்றாவது அறையில் சத்தம் போய்விடும். நான் வாத்தியாரா, பெட்டி பழுதுபார்ப்பவனா? அங்கே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள்.

சென்ற மாதம் பின்னக் கணக்குப் பாடம். முடிந்திருக்குமே என்று உள்ளே போகிறேன். பிள்ளைகள் எழுந்து நின்று பெட்டிக்கு நன்றி சொல்கிறார்கள். நாம் வளர்த்த ஒழுக்கம் அப்படி! ஆறாம் வகுப்பு நஃபீசா மட்டும் எழவில்லை. வலக்கை மேலே நிற்கிறது. அது விழாமல் இடக்கை தாங்குகிறது. எப்போது தூக்கினாய் என்றேன். படம் தொடங்கியதுமே என்றாள். என்னை வந்து கூப்பிடக் கூடாதா என்றேன். இடத்தை விட்டு எழக்கூடாது என்பது மன்றத்தின் விதியாம். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“டிவி டீச்சர் என் பக்கம் பாக்கவே இல்ல சார். எனக்குக் கணக்கு வராது போல.”

அரை மணி நேரம் தூக்கிய கை, ஐயா! கணக்கு வராத பிள்ளையா அவள்? கவனிக்க ஆளில்லாத பிள்ளை! அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அக்டோபரில் தேர்வு.

இந்த லட்சணத்தில் இன்றைய தீர்மானம் என்ன? காவலாளியே நாடாவைப் போடட்டும், வாத்தியாரே வேண்டாம் என்பது! பெட்டியை நான் பழிக்கவில்லை. என்னைவிட அழகாகப் பேசும், அழகாக வரையும். ஆனால் ஒரு பிள்ளை விழிப்பதைக் கண்டு அது நிற்குமா? திரும்பச் சொல்லுமா? எங்கே புரியவில்லை என்று கேட்குமா? பெட்டி இருக்கட்டும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும். அந்த நாற்காலியில் ஓர் ஆசிரியர் இருக்கட்டும்! நஃபீசா வீட்டுக்கு நானே போய் அழைத்து வருகிறேன்.

தலைவர் இப்போது வாக்கெடுப்பு நடத்துவார். வாத்தியார் வேண்டாம் என்பவர்கள் தாராளமாகக் கை தூக்குங்கள். தலைவர் ஐயாவிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: அரை மணி நேரம் அவர்கள் பக்கம் திரும்பாதீர்கள்.

இவ்வளவு கோபத்தையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. கை தூக்கிக் காத்திருந்த அந்தப் பிள்ளைக்கு என் வணக்கம்.