ஒரே ஒரு டேப்பை நிறுத்தும் ரூட்டர்

ரூட்டர் வாங்கப் போகிறவர்கள் ஆன்டெனா எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அது தப்பு. வீட்டில் யாருக்கு என்ன தேவை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டே பேர். என் வீட்டுக்காரர் சவுரிராயனுக்குப் பேச வேண்டும். எனக்குக் கொஞ்சம் நிம்மதி வேண்டும்.

பழைய ரூட்டருக்குள் பல்லி புகுந்து செத்துவிட்டதால், போன தவக்காலத்தில் புதிது வாங்க வேண்டி வந்தது. "உனக்கு ஒண்ணும் புரியாது. கடைக்காரன் குடுக்கறத எடுத்துக்கினு வா" என்று என்னை அனுப்பினார்.

திண்டிவனம், விழுப்புரம் பஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. குவைத்தில் இருக்கும் மகன் மரிய அருண் ஒரு டேப் அனுப்பினான். சிம் கிடையாது, வைஃபையில் மட்டும் ஓடும். இவர் கையில் இருப்பதோ பட்டன் போன். அன்றிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு டேப்பில் குடும்ப ஜெபமாலை. குவைத், பாரிஸ், பாண்டிச்சேரி என்று நாற்பது சொந்தக்காரர்கள் வீடியோவில் வருவார்கள். ஜெபத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முடிந்ததும் இருபது நிமிடம் பிரசங்கம் செய்வார். அதில் உதாரணம் எப்போதும் நான்தான்.

"எங்க வூட்டம்மாவையே எடுத்துக்கங்க. கல்யாணமான புதுசுல உப்புக்குப் பதிலா சோடா மாவு போட்ட ஆளு. கர்த்தர் அவ்ளோதான் மூளை குடுத்தாரு."

நாற்பது பேரும் சிரிப்பார்கள். பாரிஸில் இருக்கும் என் நாத்தனார் பவுலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

கடைக்காரர் தேவாவிடம், "ஒரே ஒருத்தரோட டேப்ப மட்டும் நிறுத்தற மாதிரி எது இருக்குது?" என்று கேட்டேன்.

"பசங்களுக்காம்மா?"

"ஆமாம்ப்பா. பெரிய பையன்."

பொய் இல்லை. இவருக்கு அறுபத்து மூன்று வயது. தேவா என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் காட்டினார். டேப்பின் பெயர்மேல் விரலை வைத்தால் போதும், அதற்கு மட்டும் நெட் நின்றுவிடும்.

அன்று மாலை "எங்க வூட்டம்மாவையே" என்றதும் முந்தானைக்குள் இருந்த போனில் விரலை வைத்தேன். திறந்த வாயோடு உறைந்து நின்ற அவர் முகத்தைப் பவுலின் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தினேன், அதற்கு மறுநாளும்.

ஒன்பதாம் நாள் டேப்பைக் கவிழ்த்துவிட்டு மாதா சுரூபத்தின் முன் முட்டிபோட்டார்.

"செபஸ்தி, இது நெட்டு இல்லடி. உன் போன்ல எல்லாம் வருது. உன்னப் பத்தி வாயத் தொறந்தா எனக்கு மட்டும் நிக்குது. மாதாதான் என் வாய அடைக்கறாங்க."

அப்புறம் சொன்னார். "எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்லருந்து உனக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. அனந்தபுரத்துல பால்வாடி டீச்சர் வேல. நான்தான் வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்."

இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கடிதம் அது. என்றைக்காவது கூப்பிடுவார்கள் என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை விழுப்புரம் போய்ப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவள் நான். அன்று நான் அழுதேன். அவரும் அழுதார். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். ரூட்டர் விஷயத்தையும் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் இந்த மனுஷனுக்குள் இன்னும் என்னென்ன கிடக்கிறதோ என்று தோன்றியது.

மறுநாள் ஜெபம் தொடங்கும் முன்பே நிறுத்தினேன். என் தங்கை ஆரோக்கியசெல்விக்கு வந்த நல்ல வரனைக் கலைத்த மொட்டைக் கடிதாசி இவர் எழுதியது என்று முட்டிபோட்டுச் சொன்னார். அப்படியே ஒவ்வொன்றாக வந்தது. இதுவரை பதினொன்று.

இப்போது ஜெபத்தைப் பவுலின் நடத்துகிறாள். இவர் ஓடாத டேப்பின் முன் முட்டிபோட்டிருப்பார். ஆள் பாதியாகிவிட்டார். கேப்பைக் கூழ்கூட இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். "அந்த ரூட்டர மாத்தும்மா" என்கிறான் மகன். நன்றாக வேலை செய்கிற ரூட்டரை எதற்கு மாற்றுவது?

நேற்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாம் முடிஞ்சிபோச்சு செபஸ்தி. நெஜமா ஒண்ணும் பாக்கி இல்ல." நான் கூழை ஆற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 2009 திருவிழாவில் காணாமல் போன என் தம்பியின் ஆட்டை அடித்துத் தின்றது தான்தான் என்றார். அந்த மாதம் முழுக்க அவர் கால் உடைந்து விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் சோறு கொண்டுபோனது நான்.

அவரை வருத்தவேண்டும் என்று எனக்கென்ன ஆசையா? எல்லாம் அவர் ஆத்துமத்துக்காகத்தான். பொய் சொல்வதும் பாவம்தானே. அதையும் அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளட்டும் என்றுதான் இன்றைக்கும் நிறுத்தப் போகிறேன்.