தையல்கார அண்ணனின் ஜன்னல்

இந்த விசாரணை அறையின் பூச்சு வேலை சுமார்தான், ஐயா. மூலையில் மட்டம் பார்க்கவே இல்லை. கொத்தனார் கண்ணில் அதுதான் முதலில் படுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜன்னலுக்கு வரி போட்டது உங்கள் அரசாங்கம். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டு வெளிச்சத்தை எண்ண எப்படித்தான் மனம் வந்ததோ. அடுத்தது மூச்சுக்கும் வரிதான் என்று ஊர்க் கூட்டத்தில் பேசினேன். நல்ல கைதட்டல். அதன்பின் வரி கட்டாமலிருக்க ஊரே ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தது. எல்லாம் என் கைவேலை. கூலி வாங்கவில்லை.

என் அண்ணன் மட்டும் முரண்டு பிடித்தார். அவர் தையல்காரர். கடைக்கு இருந்ததே ஒரு ஜன்னல்.

“இருட்டுல ஊசியில நூல் கோக்க முடியுமாடா? நான் வரி கட்டிட்டுப் போறேன்,” என்றார்.

ஜன்னல்களை எண்ணுவதற்கு அதிகாரி மறுநாள் வருவதாக இருந்தது. ஒருவர் கட்டினால் ஊரே வரிசையில் நிற்கும். எங்கள் ஊர்க்காரர்களின் வீரம் எனக்குத் தெரியாதா? அண்ணன் மேல் எனக்கு உயிர். அவரைத் துரோகி என்று நாலு பேர் சொல்ல விடுவேனா?

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கடையிலேயே தூங்குவார். அன்று தூறல். சாரல் வராமல் கதவடியில் துணியை அவரே அடைத்திருந்தார். வெளித் தாழ்ப்பாளை நான் போட்டேன். யாராவது வந்து எழுப்பிவிடக் கூடாது பாருங்கள். பிறகு ஜன்னலை அடைத்தேன். உள்ளே இஸ்திரிப்பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது தெரியும். அந்தப் புகைக்கு ஜன்னல்தான் வழி என்பதும் தெரியும்.

அண்ணன் உள்ளிருந்து ஈரச் சுவரைத் தள்ளியிருக்கலாமே என்கிறீர்கள். வெளியே பலகை வைத்து முட்டுக் கொடுத்திருந்தேன். தொழிலில் குறை வைக்க மாட்டேன்.

மறுநாள் அதிகாரி வெறுங்கையோடு திரும்பினார். ஊர் ஜெயித்தது. கடைக் கதவைத் திறந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டினாரா என்றுதானே கேட்டீர்கள். தட்டினார். சுவரின் இரு பக்கமும் ஆள் நின்று கட்டும்போது, உள்ளே இருப்பவர் தட்டினால் ‘சரி, மேலே கட்டு’ என்று பொருள். எங்கள் தொழிலில் அப்படி. தையல்காரருக்கு அது எப்படித் தெரியும் என்கிறீர்களா? கொத்தனாருக்கு அண்ணன் அல்லவா?

வெகுநேரம் தட்டினார். அவ்வளவு முழு மனதோடு அவர் எதற்கும் சம்மதித்ததே இல்லை.